துண்டு விழும் தொகையும் ஒரு கொத்து அரிசியும்

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே வயல்கள் சூழக் கிடக்கும் ஊர் கிளிவெட்டி. பெரும்போகமும் சிறுபோகமுமே இவ்வூரின் ஆண்டுக் கணக்கு. நெல் விளைந்தால் திருமணம். நெல் பொய்த்தால் கடன். இத்தகைய ஊரில் ஒருநாள் வரலாற்றுப் பாடம் நடத்துகையில், 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆம் நாள் இலங்கை முழுவதும் நிகழ்ந்த ஹர்த்தாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அரிசி விலை உயர்ந்தமையால் மக்கள் கிளர்ந்தனர் என்று கூறியதும், பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், அரிசி விலை கூடினா நெல்லுச் செய்யிற எங்களுக்கு நல்லம்தானே? பிறகு ஏன் சனம் தெருவுக்கு வந்தது?" என்று கேட்டாள்.

அன்று வகுப்பில் நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. மணியடிக்கும் நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது. மணியடித்த பின்னும் நம்மை விடாத கேள்வியாகவும் அமைந்துவிட்டது. அரசாங்கம் தன் கணக்கில் துண்டு விழுகிறது என்று சொல்லும்போது அந்தத் துண்டை யாருடைய தட்டிலிருந்து எடுக்கிறது என்பதே அக்கேள்வியின் உட்பொருள். அம்மாணவிக்கு நாம் அளித்திருக்கவேண்டிய விடையை இங்கே எழுத முற்படுகிறோம்.

இலங்கையில் அரிசிப் பங்கீடு யாரும் மனமிரங்கித் தந்த கொடையன்று. போரின் பிள்ளை அது. 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அந்நாட்டு அரிசியை நம்பி வாழ்ந்த இலங்கைக்கு அரிசி வரவு அற்றுப்போயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதே ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அந்நெருக்கடியிலேதான் கூப்பன் புத்தகமும் பங்கீட்டு அரிசியும் வந்தன. போர் முடிந்தது, 1948ல் சுதந்திரமும் வந்தது, கூப்பன் மட்டும் நின்றது. ஏறத்தாழ இரண்டு இறாத்தல் கொண்ட ஒரு கொத்து அரிசியை 25 சதத்திற்கு அரசாங்கம் கொடுத்து வந்தது. அரிசி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட தொகையை அரசாங்கமே ஏற்றது. மானியம் என்பது அதுதான்.

இவ்விடத்தில் நெல் விளைவிக்கும் ஊரவர் ஓர் உண்மையை மறக்கலாகாது. அக்காலத்தில் அரசாங்கம் உழவரிடமிருந்து உத்தரவாத விலைக்கு நெல்லைக் கொள்முதல் செய்தது. ஐம்பதுகளில் அவ்விலை புசலுக்கு 12 ரூபா. ஆக, உழவனுக்கு ஒரு விலை, உண்பவனுக்கு வேறொரு விலை; இரண்டுக்கும் நடுவில் நின்று தாங்கியது அரசாங்கம். அரிசி மலிந்தால் உழவன் கெடுவான் என்பது சந்தை ஒன்றையே அறிந்தவர் பேசும் பேச்சு. மேலும், நெல் விளையும் ஊரில் வாழ்வோர் அனைவரும் நிலமுடையோர் அல்லர். பிறர் வயலில் கூலிக்கு இறங்குவோர், குத்தகைக்குச் செய்வோர், அறுவடைக்கு முன்னரே நெல்லைக் கடனுக்கு எழுதிக்கொடுத்தோர் ஆகியோரே ஊரில் பெரும்பாலார். களத்தில் நெல் கொடுத்த கையாலேயே மார்கழியில் அரிசி வாங்கக் காசு தேடுவோர் இவர்கள். விலை ஏறும்போது விற்பதற்கு இவர்களிடம் நெல் இராது. வாங்குவதற்கு வயிறு மட்டுமே இருக்கும்.

இனி 1953க்கு வருவோம். 1950ல் கொரியப் போர் மூண்டது. படைக்கருவிகள் செய்வோருக்கு இறப்பர் தேவைப்பட்டது. இறப்பர் விலை வானளாவ உயர்ந்தது. இலங்கையின் திறைசேரி நிறைந்தது. அச்செழிப்பின் நிழலில் 1952 மே மாதம் பொதுத் தேர்தல் நடைபெற்றது. தந்தையார் டி. எஸ். சேனநாயக்கா மறைந்த பின் பிரதம மந்திரியான டட்லி சேனநாயக்கா, மலிவு அரிசி தொடரும் என்ற நம்பிக்கையை மக்களுக்கு ஊட்டி, பெருவெற்றி பெற்றார். ஆனால் இறப்பர் விலை அதற்கு முன்னரே சரியத் தொடங்கியிருந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. விற்கும் பொருளுக்கு விலை இல்லை, வாங்கும் பொருளுக்கு விலை அதிகம் என்ற நிலையில் வரவு செலவுத் திட்டத்தில் பெரும் துண்டு விழுந்தது. நாட்டைப் பார்வையிட்டுச் சென்ற உலக வங்கித் தூதுக்குழுவும் மானியச் செலவைக் குறைக்கும்படி அறிவுரை கூறியிருந்தது.

1953 ஜூலை மாதம் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா தம் கத்தியை எடுத்தார். 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. சீனி விலை உயர்ந்தது. புகையிரதக் கட்டணம் உயர்ந்தது. தபால், தந்திக் கட்டணங்களும் உயர்ந்தன. எண்ணிப் பாருங்கள்! வாரம் ஐந்து கொத்து அரிசி வாங்கும் ஒரு குடும்பம் முன்னர் ஒன்றேகால் ரூபா கொடுத்தது. இப்போது மூன்றரை ரூபா கொடுக்கவேண்டும். அரிசியைக் குறைத்துக்கொண்டு, பாடசாலையிலாவது பிள்ளை ஒருவேளை உண்ணட்டும் என்று தாய் எண்ணினால், அதுவும் இல்லை. வேறூர் போய்க் கூலி தேடலாம் என்று தந்தை எண்ணினால், புகையிரதத்திற்கு மிகுதிக் காசு வேண்டும். ஒரே மாதத்தில் உணவு, பள்ளி, பயணம், கடிதம் ஆகிய நான்கும் ஏழையின் கையை விட்டு எட்டப் போயின.

துண்டு விழுந்தது உண்மையா என்று கேட்டால், உண்மை என்றே நாம் விடை கூறுவோம். இதனை மறைப்பது முற்போக்காளர்க்கு அழகன்று. வெளிநாட்டு நாணயக் கையிருப்புக் கரைந்துகொண்டிருந்தது; இறப்பர் விலை இறங்கியது; இவை கற்பனையல்ல. ஆயின், துண்டு விழுந்தது என்பது ஒரு செய்தி. அதனை அரிசிப் பானையிலிருந்து நிரப்பவேண்டும் என்பது ஒரு முடிவு. செய்தியை எண்கள் கூறும். முடிவை மனிதர் செய்கின்றனர். தேயிலைத் தோட்டங்களின் இலாபம் ஆண்டுதோறும் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த நாட்டில், நிரப்புவதற்கு வேறு பாத்திரமே இல்லை என்று சொல்லுவது கணக்காகாது. வேறு வழிகள் உண்டு என்பதற்கு அவ்வரசாங்கமே சான்று தந்தது. 1952 டிசம்பரில் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்காவின் முயற்சியால் மக்கள் சீனத்துடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்பது அதன் சாரம். அமெரிக்காவின் சினத்தைப் பொருட்படுத்தாது செய்த ஒப்பந்தம் அது. அந்தத் துணிவு வெளிநாட்டு வர்த்தகத்தில் இருந்தது; உள்நாட்டு வரிவிதிப்பில் இல்லாமற் போயிற்று.

ஆகஸ்ட் 12ஆம் நாளை ஹர்த்தால் நாளாக இடதுசாரிகள் அறிவித்தனர். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரின் லங்கா சமசமாஜக் கட்சியும், பிலிப் குணவர்த்தனாவின் கட்சியும், கம்யூனிஸ்டுகளும் அதற்கு முன்னின்றனர். தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி அனுதாபம் காட்டியதோடு அமைந்தது. கடைகள் மூடின, பேருந்துகளும் புகையிரதங்களும் நின்றன. மேல், தென் கரையோரங்களில் மக்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தனர். தந்திக் கம்பிகளை அறுத்தனர். வீதிகளில் மரங்களை வீழ்த்தினர். தலைவர்கள் குறித்த எல்லையையும் கடந்து மக்கள் சென்றனர். அவசரகாலச் சட்டம் வந்தது, ஊரடங்கு வந்தது, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். நாட்டின் மந்திரிசபையோ கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிற்று. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி நம் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை வீற்றிருந்த காலம் அது. 1957ல்தான் அது வெளியேறியது. சொந்த மக்கள் அரிசி கேட்டபோது சுதந்திர நாட்டின் மந்திரிகள் அன்னியக் கப்பலில் ஏறினர் என்பதை நம் மாணவர் அறியவேண்டாமா?

அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியை 55 சதமாக இறக்கியது. முழு வெற்றியன்று, ஆயினும் வெற்றியே. ஒரே நாளில் எழுந்த மக்கள் ஒரு பிரதம மந்திரியையே வீட்டுக்கு அனுப்பினர். தெற்கிலே சிங்களத் தொழிலாளியும் வடக்கிலே தமிழ்த் தொழிலாளியும் ஒரே காரணத்திற்காக ஒரே நாளில் வேலையை நிறுத்திய அருமை அந்த நாளுக்கு உண்டு. அருமைக்குள்ளும் ஒரு குறை இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் சட்டத்தாலும் நாடும் வாக்கும் பறிக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் பெருந்திரளாக அதில் இறங்கவில்லை. அரிசி விலை அவர்களையே கடுமையாகத் தாக்கியது. ஆனால் வாக்கு இல்லாதவனின் பசிக்கு மந்திரிகள் அஞ்சுவதில்லை.

மூன்றே ஆண்டுகளில், 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரிசியில் ஒன்றுபட்டவர் மொழியில் பிரிக்கப்பட்டனர். அதன் பின்னர் இந்நாட்டில் வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்து இரு மொழி மக்களும் அவ்வாறு ஒரே நாளில் எழுந்தது அரிதாயிற்று.

மக்கள் 1953லிருந்து கற்றது என்ன என்று பலர் எழுதியுள்ளனர். ஆள்வோர் கற்றது என்ன என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. அவர்கள் ஒரு பெரும் பாடம் கற்றனர்: எல்லாரிடமிருந்தும் ஒரே நாளில் பறித்தால் எல்லாரும் ஒரே நாளில் எழுவர். ஆகவே, சிறிது சிறிதாகப் பறிக்கவேண்டும். ஒரு கையால் கொடுத்துக்கொண்டே மறு கையால் எடுக்கவேண்டும். மக்களை வகைவகையாகப் பிரித்துவிட்டுப் பறிக்கவேண்டும்.

இப்பாடம் உடனே முதிரவில்லை. 1962ல் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முயன்று, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பினாலேயே நிதிப் பொறுப்பைத் துறந்தார். 1966 டிசம்பரில், மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் நயமான வழியைக் கண்டது. வாரம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒரு கொத்தை இலவசம் என்றது. இலவசம் என்ற சொல் குறைப்பின் கூர்மையை மழுக்கியது. ஹர்த்தால் போன்ற ஒன்று நிகழவில்லை. ஆயினும் மக்கள் மறக்கவில்லை; 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம் என்றவர்களுக்கே வாக்களித்தனர்.

இவ்விடத்தில் நமக்குக் கசக்கும் ஓர் உண்மையையும் சொல்லியாகவேண்டும். 1970ல் நிதி மந்திரியானவர் ஹர்த்தாலின் தலைவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா அவர்களே. அரசினர் வைத்தியசாலைகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை அவர் காலத்திலேதான் வந்தது. 1973ல் உலகெங்கும் தானியமும் எண்ணெயும் விலையேறியபோது அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. 1974ல் நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தது. தோட்டப் பகுதிகளில் அவ்வுயர்வு கொடிதாக இருந்தது. எதிரணியில் இருந்து பார்க்கும்போது முடிவாகத் தெரிந்தது, மந்திரி நாற்காலியில் இருந்து பார்க்கும்போது விதியாகத் தெரிந்தது போலும். நம்மவர் செய்தார் என்பதற்காக இதனை மறைத்து எழுதினால், நாம் எழுதுவது வரலாறாகாது; கட்சிப் புகழ்மாலையாகும்.

ஆள்வோரின் பாடம் முதிர்ந்தது 1977க்குப் பின்னர். 1953ல் 70 சதம் என்று அறிவித்துத் தோற்ற அதே ஜே. ஆர். ஜயவர்த்தனா, பேராதரவோடு ஆட்சிக்கு வந்து, 1978ல் சர்வ அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். இம்முறை அவர் விலையை உயர்த்தவில்லை. அவ்வாண்டு பங்கீட்டு அரிசியை மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார். ஏறத்தாழப் பாதி மக்கள் பட்டியலை விட்டு நீங்கினர். வசதியுள்ளோருக்கு ஏன் மானியம் என்ற கேள்வி நியாயமாகவே ஒலித்தது. அடுத்து, 1979 செப்டெம்பரில், பங்கீட்டை அடியோடு நிறுத்தி உணவு முத்திரைகளை வழங்கினார். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. கூப்பன் என்பது இத்தனை கொத்து அரிசி என்ற உறுதி. முத்திரை என்பது இத்தனை ரூபா என்ற உறுதி. அரிசி விலை ஏறினாலும் கூப்பனின் அரிசி குறையாது. முத்திரையின் அரிசியோ விலையேற்றம் ஒவ்வொன்றிலும் குறையும். முத்திரையின் வாங்கும் ஆற்றல் சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாயிற்று. எந்தப் பாராளுமன்றமும் அதற்கு வாக்களிக்கவில்லை. எந்த மந்திரியும் அறிவிக்கவில்லை. பறிக்கும் வேலையைப் பணவீக்கம் அமைதியாகச் செய்து முடித்தது. எதிர்த்து எழுவதற்கு ஒரு நாள் இல்லை, ஒரு அறிவித்தல் இல்லை. பட்டியலில் இல்லாதவர் இருப்பவரைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1980 ஜூலையில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்களுக்காக நாடு எழவில்லை.

இதற்குப் பின் வந்த போர்க்காலத்தைக் கிளிவெட்டிக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2006ல் சம்பூரிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் பலர் நம் ஊரின் இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தனர். 2015ஆம் ஆண்டை அடுத்தே அவர்களிற் பெரும்பாலோர் தம் மண்ணை மீண்டும் மிதித்தனர். உழுதுண்ட மக்கள் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றதை நாம் கண்டோம். ஒருவருடைய உணவு பிறருடைய கையெழுத்தில் தங்கியிருப்பது எத்தகைய நிலை என்பதை இவ்வூர் நூலில் படித்து அறியவில்லை.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2019 இறுதியில் பதவியேற்ற அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வேறு வரிகளையும் தளர்த்தியது. திறைசேரியின் வரவு சரிந்தது. பெருந்தொற்றும் கடன் சுமையும் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதம். ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. குடாக் கடலில் தொழில் செய்யும் மீனவர் பலர் படகுகளைக் கரையேற்றினர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு இசைந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை வங்கிகளின் மீது ஏற்றப்படாமல் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின் மீது ஏற்றப்பட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. வரியைக் குறைத்தபோது மிகுதியாகப் பயனடைந்தவர் ஒருவர். துண்டை நிரப்பியவர் வேறொருவர்.

அந்நாட்களில் நாம் பணியாற்றிய பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததுண்டு. தண்ணீர் தெளித்து எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், தலையைக் குனிந்துகொள்வர். 1953ல் மதிய உணவு நிறுத்தப்பட்ட செய்தியைப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்த நமக்கு, அந்த வரியின் பொருள் அந்தக் குனிந்த தலைகளிலேதான் விளங்கிற்று.

இன்னும் ஒன்று. 2023 மார்ச்சில் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் பணம் இல்லை என்று கூறி நிறுத்தப்பட்டது. மாநகர சபை முதல் பிரதேச சபை வரை, வீதி விளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம் ஆகிய மக்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் சபைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாளே தேர்தல் நடந்தது. அரிசியைக் குறைத்தவர், கூலியைக் குறைத்தவர், ஈற்றில் வாக்கையும் செலவுக் கணக்கில் எழுதிக் குறைத்தனர்! வீதி விளக்கு எரியவில்லை என்று முறையிடுவதற்கு ஓர் உறுப்பினரும் இல்லாத ஊரில், எந்தச் சேவையைக் குறைத்தாலும் ஓசை எழாது. ஆள்வோர் கற்ற பாடத்தின் கடைசி அத்தியாயம் இதுவே.

2022ல் மக்கள் எழவில்லையா, ஜனாதிபதியை விரட்டவில்லையா என்று கேட்கலாம். எழுந்தனர், விரட்டினர். ஆனால் கட்டண உயர்வும் வரி உயர்வும் சேமலாப நிதியின் இழப்பும் பெரும்பாலும் அந்த எழுச்சிக்குப் பின்னர், ஒவ்வொன்றாக, வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு பிரிவினர் மீது வந்தன. மின்சாரத்திற்கு ஒருவர் முணுமுணுத்தார், மண்ணெண்ணெய்க்கு மற்றொருவர், ஓய்வூதியச் சேமிப்புக்கு வேறொருவர். மூவரும் ஒரே கணக்கின் மூன்று வரிகளில் எழுதப்பட்டவர் என்பதை மூவருக்கும் ஒருங்கே எடுத்துச் சொன்னவர் சிலரே.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமக்குரிய பணி இங்கேதான் இருக்கிறது. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில், பொருளியல் வல்லுநருக்கே உரியது அது என்று வானொலியை நிறுத்திவிடுதல் தகாது. எந்தத் தொகை குறைக்கப்படுகிறது, எந்தத் தொகை தொடப்படாமல் விடப்படுகிறது, நிலைத்த தொகையாகத் தரப்படுவது விலையேற்றத்தில் எத்தனை ஆண்டு நிலைக்கும், பட்டியலிலிருந்து நீக்கப்படுவோர் யாவர் என்னும் கேள்விகளைப் பத்தாம் வகுப்பு மாணவனும் கேட்க இயலும். கூட்டலும் கழித்தலும் அறிந்தால் போதும். 1953ல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளி இக்கேள்விகளைக் கேட்டான்; அவன் கையில் இருந்த கூப்பன் புத்தகமே அவனுக்குப் பாடநூலாயிற்று.

அம்மாணவிக்கு இப்போது இவ்வாறு விடை சொல்கிறோம். நெல்லின் விலை உழவனுக்கு உயரவேண்டும். அரிசியின் விலை உண்பவனுக்கு எட்டவேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வதற்காகவே மனிதர் அரசாங்கம் என்ற ஒன்றை வைத்திருக்கின்றனர். அதனைச் செய்யப் பணமில்லை என்று அரசாங்கம் சொன்னால், பணம் எங்கே போயிற்று என்று கேட்பது குடிமக்களின் கடமை. 1953ல் தெருவுக்கு வந்த மக்கள் அதைத்தான் கேட்டனர், மகளே. ஆகஸ்ட் 12 எந்த நாட்காட்டியிலும் சிவப்பு எழுத்தில் அச்சிடப்படுவதில்லை. அடுத்த ஆண்டு அந்நாள் வரும்போது, வயலிலிருந்து வந்து வாங்கில் அமரும் பிள்ளைகளுக்கு அதனை முழுமையாகக் கற்பிக்க நாம் எண்ணியிருக்கிறோம். ஏனைய ஊர்களின் ஆசிரிய நண்பர்களும் அவ்வாறே செய்யவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.